உன் சட்டையில் தைத்திருக்கும் என் பெயர்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலீசில் எழுதினால், கார் பார்க்கில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்து, எனக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். தமிழ் என்றால் உன்னால் அப்படி ஓட முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாசித்த மாதிரி, உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். அந்தச் சிரமம் உனக்கு இருக்கட்டும். நான் நாற்பது வருடம் சுமந்துகொண்டு திரிந்ததை நீ ஒரு மணித்தியாலமாவது சுமந்து பார். விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும்.

முதலில் உன் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வயதில்லை. மாட்டேன். நீ கேட்ட வீட்டுப் படத்தை நான் கீறித் தரமாட்டேன். போன சனிக்கிழமை நீ உன் வெஸ்ட்கேட் வீட்டிலிருந்து போன் எடுத்து, "அப்பா, குட் நியூஸ்" என்று தொடங்கினாய். அந்தச் சின்னத் தீவின் பாதுகாப்புப் படைக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுக்கப் போகிற குழுவில் உன்னையும் எடுத்துவிட்டார்கள் என்றாய். (தீவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் கோபத்தால் உன் உத்தியோகத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது.) ஒரு வீட்டைச் சுற்றி வளைப்பது, உள்ளே நுழைவது, தேடுவது, இவைதான் உன் பாடம். அதற்காக அங்கே பலகையால் ஒரு பயிற்சி வீடு கட்டப்போகிறீர்கள். "எங்கட ஆக்கள் கீறினது வெறும் பெட்டி மாதிரி இருக்கு, அப்பா. யூ ஆர் தி பெஸ்ட் டிராஃப்ட்ஸ்மன் ஐ நோ. சனம் உண்மையா இருக்கிற வீடு மாதிரி ஒண்டு கீறித் தாங்கோவன்" என்றாய்.

நான் உடனே "ஓம்" என்றேன். அதை மறைக்கமாட்டேன். அறுபத்தெட்டு வயதில், இந்த நாட்டுக்கு வந்து மனுகாவில் இருபது வருடம் பிறத்தியாருக்குக் குசினி அலுமாரி கீறி ஓய்ந்த ஒருவனிடம், ராணுவத்தில் சார்ஜன்ட்டாக இருக்கிற மகன் வந்து நீங்கள்தான் சிறந்த படவரைஞர் என்றால், அவனுக்கு உச்சி குளிராதா? போனை வைத்த கையோடு பழைய பலகையையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். முன் விறாந்தை போட்டேன். இரண்டு அறை போட்டேன். பின்னால் குசினி, அதற்குப் பின்னால் கிணறு. தீவில் கிணறு இருக்குமா என்று கூட நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. பிறகு சுற்றிவர வேலி போட்டேன். கிழக்குப் பக்க வேலியில், ஒருவரும் கேட்காமலே, ஒரு சின்ன இடைவெளி விட்டேன். அதைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தத் தாள் இப்போது இல்லை. கிழித்து மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன்.

அந்த இடைவெளிக்கு ஒரு பெயர் இருக்கிறது. பொட்டு. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஓலை வேலி இருக்கும். ஒழுங்கை என்கிற சின்னத் தெருப் பக்கம் படலை, அதாவது வாசல் கதவு. அது விருந்தாளிக்கும் தபால்காரனுக்கும். பக்கத்து வளவோடு ஒட்டின வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. கறி போவதும் அதாலேதான், கதை போவதும் அதாலேதான். சண்டை வந்தால் முதலில் அடைபடுவது பொட்டு, சமாதானம் வந்தால் முதலில் திறபடுவதும் பொட்டு. அது எந்த நில அளவைப் படத்திலும் இராது. எந்தக் காணி உறுதியிலும் எழுதியிராது. அந்த வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த வழி. உனக்கும் ஒரு பொட்டு இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒடாஹுஹுவில் குடியேறிய முதல் வருடக் காற்றில் பின்வேலிப் பலகை இரண்டு கழன்று விழுந்ததே, ஞாபகமா? பக்கத்து வீட்டு மெலே சுத்தியலும் ஆணியுமாக வந்தபோது நான் வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன். நீ அதாலே புகுந்து அவளுடைய பிள்ளைகளோடு விளையாடப் போவாய். இன்றைக்கும் அவளுடைய சேப்பங்கிழங்கு அதாலேதான் வருகிறது, எங்கள் கத்தரிக்காய்க் கறி அதாலேதான் போகிறது. நீ அதை "த ஹோல்" என்பாய். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறதென்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. சொல்லப் பயம்.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கொழும்பில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் படவரைஞன். ஊரில் உன் அம்மாவைப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். உறுதி எழுதுவதற்கு வீட்டுக்கும் வளவுக்கும் ஒரு படம் வேண்டும். வெளியாளைப் பிடிப்பானேன், மாப்பிள்ளையே அளக்கட்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். தன் சீதனத்தைத் தானே அளந்து எடுத்த மாப்பிள்ளை என்று உன் பெரியப்பா சாகும்வரை என்னைப் பகிடி பண்ணினார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தது உன் அம்மாவின் தம்பி யோகன். அவனுக்கு அப்போது இருபது வயது. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நாடாவை இழுத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தவன், பொட்டைக் காட்டிச் சிரித்தான். "அத்தான், இதையும் போடுங்கோ. இதில்லாட்டி இது எங்கட வீடு இல்லை." உறுதிப் படத்தில் அதெல்லாம் போடுவதில்லை என்று நான் விளக்கம் சொன்னேன். "அப்ப உங்கட படம் பொய்ப் படம்" என்றான்.

அடுத்த வருடம், கலியாணம் முடிந்து சில மாதத்தில், அலுவலகத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எந்த நாடு என்பது இப்போது முக்கியமில்லை, இருந்தாலும் பணக்கார நாடு. எங்கள் தீவின் படைக்குப் பயிற்சி உதவி கொடுக்க வந்த குழுவில் ஒருவர். நல்ல மனிதர் தம்பி, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். குரல் உயர்த்தாதவர். பியூனுக்கும் நன்றி சொல்கிறவர். வடக்கில் சனம் சாதாரணமாக இருக்கிற வீடு ஒன்றின் படம் தேவை, பயிற்சிக்கு ஒரு மாதிரி வீடு கட்டப்போகிறோம், பையன்களுக்கு அந்தச் சனத்தின் வாழ்க்கை தெரியவேண்டும் என்றார். அலுவலகப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார், ஏனென்றால் எங்கள் பிரிவில் வடக்கத்தியான் நான் ஒருவன்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒன்றைக் கற்பனை பண்ணிக் கீறச் சோம்பல்பட்டு, மேசை லாச்சியில் இருந்த சீதன வீட்டுப் படத்தை எடுத்து, அதன் மேல் தாளை வைத்துப் பிரதி பண்ணினேன்.

அவர் பார்த்தார். பியூட்டிஃபுல் என்றார். பிறகு படத்தில் முன்வாசலில் விரலை வைத்து, "நான் இங்கே வந்து தட்டினால், உள்ளே இருக்கிற ஆள் எங்கே போவார்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பின்கதவால் என்று சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். எனக்கோ வித்துவச் செருக்கு. எங்கள் ஊரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் பாடம் கேட்கிறார் என்ற புளுகம், பெரிய சந்தோசம். பென்சிலை எடுத்து, கிழக்கு வேலியில் இடைவெளி விட்டு, அம்புக்குறி போட்டு, இதாலே போவார், இப்படி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், எந்த மேப்பிலும் இராது என்று வகுப்பே எடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். வலதுபக்க மூலையில் ஒரு பெட்டி இருக்குமே, வரைந்தவர் பெயர் எழுதுகிற பெட்டி, அதில் அழகான எழுத்தில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா அப்பா என்று நீ கேட்பாய். தெரியும். முழுதாகத் தெரியாது, ஆனால் தெரியும். உள்ளே இருக்கிற ஆள் எந்தப் பக்கத்தால் ஓடுவார் என்று கேட்கிறவன் தேத்தண்ணி குடிக்க வரவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எட்டு மாதம் கழித்து ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. விடியற்காலை. அந்தச் சீதன வீட்டுப் படலையில் தட்டிய சத்தம் கேட்டு, விறாந்தையில் படுத்திருந்த யோகன் பொட்டாலே பக்கத்து வளவுக்குப் போனான். மறுபக்கத்தில் ஆமிக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். அவ்வளவுதான். அவன் ஆயுதம் தூக்கிய இயக்கமா என்று உன் வாயில் வருகிறது, எனக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், நீயோ ஐந்து வயதில் வந்தவன். இல்லை, அவன் சைக்கிளுக்கு டியூப் ஒட்டுகிறவன். ஆனால் அந்தக் கேள்வியை நீ கேட்கவே கூடாது, ஏனென்றால் அன்றைக்குச் சுட்டவனும் அதைக் கேட்கவில்லை. நான் கொழும்பிலிருந்து போய்ச் சேர மூன்று நாளாயிற்று. பக்கத்து வளவு அன்னமக்கா என்னை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. "தம்பி, அவங்கள் தேடித் திரியேல்லை. ஒழுங்கையாலை வந்து நேரா எங்கட வளவுக்குள்ளை இறங்கி, இந்தப் பொட்டடியிலை வந்து நிண்டுட்டுத்தான் அங்காலை படலையைத் தட்டினவங்கள். இஞ்சை பிறந்து வளர்ந்த ஆக்கள் மாதிரி" என்றா.

என் படத்தால்தான் அது நடந்ததா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. யாராவது காட்டிக் கொடுத்திருக்கலாம், அதற்கு முன் வேறு வீட்டில் பட்டறிந்து கற்றிருக்கலாம். இந்த 'இருக்கலாம்' எல்லாவற்றையும் நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பலிக்கவில்லை. அன்று பின்னேரமே பனையோலை வாங்கி வந்து அந்தப் பொட்டை நானே அடைத்துக் கட்டினேன். மைத்துனனை இழந்த துக்கத்தில் இவர் செய்கிறார் என்று உன் அம்மா நினைத்தாள். நான் அப்படியே நினைக்க விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு ஆளை மறைத்தேன்.

மறைத்தது போதாதென்று, அதற்கு மேலும் ஒன்று செய்தேன். நீ பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றபோது, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உனக்காக அவளோடு வாதாடியது யார்? நான்தான். "இது வேற ஆமியப்பா. வெள்ளம் வந்தா மண்மூட்டை தூக்கிற ஆமி" என்றேன். நீ உண்மையாகவே வெள்ளத்தில் சனத்தைத் தோளில் தூக்கி வந்தாய், அந்தப் படத்தை நான் கோயில் மண்டபத்தில் போகிற வருகிற எல்லாருக்கும் போனில் காட்டினேன். உன் அணிவகுப்பு நாளில் என் நெஞ்சு நிமிர்ந்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. இங்கே வந்தபோது படிவத்தில் சர்நேம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினோம், தகப்பன் பெயர்தானே எங்களுக்குப் பின்பெயர். அதனால் உன் சட்டையில், இடது நெஞ்சுக்கு மேலே, உன் பெயர் இல்லை. என் பெயர் தைத்திருக்கிறது. உன்னை அவர்கள் கூப்பிடுவது என் பெயர் சொல்லித்தான். ஒரு முழு ராணுவம் என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் சொன்னேன். அவள் குசினி மேசையில் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை. பிறகு நிமிராமலே கேட்டாள், "அந்தப் படத்திலை கிணறும் இருந்ததோ?" ஓம் என்றேன். "கிணத்தடித் தேசிக்காய் மரம்?" ஓம். "யோகன் படுக்கிற விறாந்தை?" ஓம். "பொட்டை அவையள் கேட்டவையோ, நீங்களாச் சொன்னனீங்களோ?"  நானாச் சொன்னது என்றேன். அவள் வெட்டின பயற்றங்காயை அப்படியே விட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனாள். இன்றைக்கு வியாழக்கிழமை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள், போகிறாள். ஒரு சொல் இல்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க எனக்கு முடியவில்லை, ஆனால் தாங்கத்தான் வேண்டும்.

இப்போது நீ சொல்வதற்கு வருவோம். போனில் நான் ஓம் என்ற பிறகும், கேட்காமலே நீ நியாயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாய். முதலாவது, நாங்கள் சட்டமும் மனித உரிமையும் படிப்பிக்கிறோம், அதுதான் முதல் வாரம் என்றாய். தம்பி, அந்த வெள்ளைக்காரரின் குழுவினரும் சட்டத்தைப் பற்றி ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். வழவழப்பான தாள், மூன்று மொழியிலும் அச்சடித்தது. அதற்குப் படம் கீறித் தா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குத்தான் படம் கேட்டார்கள். எதற்குப் படம் கேட்கிறார்களோ அதுதான் பாடம், மற்றதெல்லாம் முகவுரை. இரண்டாவது, நாங்கள் போகாவிட்டால் பெரிய நாடு ஒன்று போகும், அது இன்னும் மோசம் என்றாய். போகட்டும். அந்தப் பெரிய நாட்டுக்காரன் தன் தகப்பனின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு போகட்டும். பக்கத்து வீட்டான் கிணற்றில் விழப்போகிறான் என்பதற்காக நீ முந்தி விழுவாயா? மூன்றாவது, அது சின்னத் தீவு, அங்கே யுத்தம் இல்லை, "இட்ஸ் நொட் தி சேம் திங், அப்பா" என்றாய். நீ சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் தீவிலும் ஒரு காலத்தில் யுத்தம் இருக்கவில்லை.

நான் மெலேயிடம் கேட்டேன். நீ போகப்போகிற தீவுக்காரி இல்லை அவள், ஆனால் அவளும் சின்னத் தீவில் பிறந்தவள். உங்களூரில் ராணுவம் ஒரு வீட்டைத் தேட வந்தால் எப்படி இருக்கும் என்று வேலியடியில் நின்று கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள். அங்கே யார் வந்து தட்டினாலும் அது ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியாகத்தான் இருப்பான், கதவைத் திறந்து சாப்பிட்டாயா என்று கேட்போம் என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அவனுக்கு யாராவது வேறுமாதிரித் தட்டப் பழக்கியிருந்தால் எனக்குத் தெரியாது என்றாள். அதைத்தான் நீ யோசிக்க வேண்டும். நீ பழக்கப்போகிற பையன் தட்டப்போவது தன் சொந்த மாமியின் கதவை. நீ ஆறு மாதத்தில் விமானம் ஏறி வெஸ்ட்கேட் வந்து உன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாய். நீ பழக்கியது அங்கேயே நிற்கும். எங்கள் நாட்டுக்கு வந்த அந்த நல்ல மனிதரும் இப்போது எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். யோகனை அவருக்குத் தெரியாது. என்னைக் கூட ஞாபகம் இராது. அவர் கெட்டவர் இல்லை என்பதால் யோகன் எழும்பி வரவில்லை.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. நீ முப்பத்தாறு வயது மனிதன், சத்தியம் செய்துகொடுத்த வேலை, உன் வாழ்க்கையை நான் கீறிக் கொடுக்க முடியாது. போய் வா என்று திருநீறு பூசி அனுப்பவும் மாட்டேன். என் கையால் கோடு ஒன்று கூட வராது, வேறு ஆளிடம் வாங்கினாலும் என்னிடம் காட்டாதே. ஆனால் போனால், இரண்டு காரியம் செய்ய வேண்டும். கெஞ்சிக் கேட்கவில்லை. தகப்பன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒன்று, அந்தப் பலகை வீட்டில் கதவை உடைக்கப் பழக்குவதற்கு முன், ஒவ்வொருவனையும் வீட்டுக்காரனாக உள்ளே படுக்க வை. வெளியே தோழன் தட்டட்டும். இவன் உள்ளே கிடந்து, எந்தப் பக்கத்தால் போவேன் என்று யோசிக்கட்டும். நீயும் ஒரு தரம் படு. இரண்டு, முதல் நாள் அவர்களை இருத்தி வைத்து இந்தக் கதையைச் சொல். பாடத்திட்டத்தில் இல்லை என்று உன் மேலதிகாரி சொன்னால் தேத்தண்ணி இடைவேளையில் சொல். உன் மாமா பெயரைச் சொல், பொட்டு என்ற சொல்லைச் சொல், மறுபக்கத்தில் நின்றவர்களுக்கு அது எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பதையும் சொல். இந்த இரண்டையும் செய்ய உனக்கு வெட்கமாகவோ பயமாகவோ இருந்தால், போவதற்கு முன் உன் சட்டையிலிருந்து என் பெயரைக் கழற்றிவிட்டுப் போ. இந்த நாட்டில் ஒரு படிவம் நிரப்பினால் வேறு பெயர் தருவார்கள். ஒரு வீட்டுக்கு வரைந்தவர் என்று அந்தப் பெயரை ஒருதரம் எழுதியது எனக்குக் காணும், போதும்.

இதோடு கடிதம் முடிந்தது என்றுதான் மேசையில் வைத்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்தாள். யோகன் நாடா பிடித்த இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இதை வெட்டுங்கோ."

"எதையப்பா?" என்று நான் கேட்டேன்.

"பேரைக் கழட்டச் சொன்னதை. ஏன் கழட்டவேணும்? உங்களுக்கு லேசாப் போயிடும். அது அவன்ரை நெஞ்சிலை கிடக்கட்டும். கேக்கிறவங்கள் கேக்கட்டும், இது ஆரின்ரை பேர் எண்டு. அவன் வாய் திறந்து சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்தது இவ்வளவுதான். நான் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டேன். அடித்துக் கறுப்பாக்கவில்லை, ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன், கீழே இருக்கிற எழுத்தை நீ வாசிக்கலாம். வருகிற ஞாயிறு உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். என் கையில் படம் இராது, தேடாதே. பெயரைக் கழற்றாதே, தம்பி. அந்தத் தீவில் எவனாவது ஒருவன் உன் சட்டையை எழுத்துக் கூட்டி வாசித்து, சார்ஜன்ட், இது யாருடைய பெயர் என்று கேட்பான். மழுப்பாமல் சொல். வீட்டைக் கீறிக் கொடுத்தவரின் பெயர் என்று சொல்.

அப்பா